புழு மருந்து, தெள்ளு மருந்து, தடுப்பூசி: எதை முதலில் போடுவது?

மாடிவீட்டு மியாவ்:
9 வாரத்து நாட்டு நாய்க்குட்டி, 3.2 கிலோ. கூடவே 2 வயசுப் பூனை, 3.5 கிலோ. குட்டிக்கு 7-வது வாரம் புழு சிரப் கிலோவுக்கு 1 மி.லி. கணக்கில் கொடுத்தாச்சு. ஆனாலும் ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி வெள்ளையா நெளியுது. தொடை இடுக்கில் தெள்ளும் இருக்கு. சனிக்கிழமை தடுப்பூசி. மறுபடி அதே சிரப் கொடுக்கலாமா? ஸ்பாட்-ஆன் (தோலில் சொட்டாக விடும் தெள்ளு மருந்து) எப்போ விடணும்? பக்கத்து வீட்டுப் பெரிய நாய்க்கு வாங்கின அந்த மருந்துக் குப்பி (பைப்பெட்) ஒண்ணு மிச்சம் இருக்கு, பாதியைப் பூனைக்கு விட்டா ஆகுமா?

வெள்ளை வால்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடவே கூடாது. நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது; சில மணி நேரத்திலேயே நடுக்கம், வலிப்பு வரலாம். நாய்க்கு அதை விட்டாலும் காயும்வரை பூனையை வேறு அறையில் வையுங்க. தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடணும். பெர்மெத்ரின் இல்லாத பைப்பெட்டா இருந்தாலும் கண்ணளவில் பாதி பிரிப்பது அளவே ஆகாது. பூனைக்குப் பூனை பேக்தான்.

புழுக்கணக்கு:
நெளிவது நாடாப்புழுவின் துண்டு. அதன் முட்டையைத் தெள்ளின் இளம்புழு தின்னும். வளர்ந்த தெள்ளை நாய் கடித்து விழுங்கும். ஏறக்குறைய 3 வாரத்தில் துண்டு வெளியே வரும். குட்டிகளுக்கான சிரப் பலவற்றில் ஃபெபான்டெல், பைரான்டெல் மட்டும்தான். அவை உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு. நாடாப்புழுவுக்கு ப்ராசிக்வான்டெல் வேணும், கிலோவுக்கு 5 மி.கி. லேபிளைப் பாருங்க.

10 கிலோவுக்கு ஒண்ணு என்கிற மாத்திரையில் 50 மி.கி. இருக்கும், 3.2 கிலோவுக்கு வழக்கமா அரை. கால் போட்டால் 12.5 மி.கி. தான், தேவை 16. பூனைக்கும் அதன் மாத்திரையைக் கொடுங்க. இந்த மருந்து உடம்பில் தங்காது. தெள்ளை விட்டுவைத்தால் அடுத்த மாதம் அதே அரிசி திரும்பவும் வரும்.

மாடிவீட்டு மியாவ்:
லேபிள் பார்த்தேன், ப்ராசிக்வான்டெல் இல்லை. அப்போ வரிசை?

தோட்டத்து நாய்:
தடுப்பூசியைத் தள்ளாதீங்க. இந்த வயசில் தாய்ப்பாலில் கிடைத்த நோய் எதிர்ப்பு குறைஞ்சுகிட்டு வரும், பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல்) காத்திருக்காது. குட்டி சோர்ந்திருந்தா, கழிச்சல், காய்ச்சல் இருந்தா தள்ளுவதை மருத்துவர் முடிவு செய்வார். ஈறு வெளுத்திருந்தா அது ரத்தம் உறிஞ்சப்பட்ட அடையாளம். வீட்டு வைத்தியம் வேண்டாம், இன்றே கூட்டிப் போங்க.

மற்றபடி இன்றே ஃபிப்ரோனில் என்கிற தெள்ளு மருந்து உள்ள ஸ்பாட்-ஆன். 8 வாரமும் 2 கிலோவும் தாண்டியதால் நாய்க்கான சிறிய அளவு, 0.67 மி.லி., சரி. தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விடணும். முடியில் விட்டால் வீண். முந்தைய 2 நாளும் அடுத்த 2 நாளும் ஷாம்பூக் குளியல் கூடாது. ஊசியும் பெரும்பாலும் அதே கழுத்துத் தோலில்தான் போடுவாங்க, அதனால்தான் சனிக்கிழமை விட வேண்டாம்கிறேன். மாத்திரையை நாளைக்குக் கொடுங்க. இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பதால் கெடுதல் இல்லை. வாந்தி வந்தா எதனால்னு தெரியணும், அதுக்குத்தான் இடைவெளி. கொடுத்த மருந்தின் பெயர்களைக் குறிச்சு மருத்துவரிடம் காட்டுங்க.

அதன்பிறகு புழு மருந்து 12 வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம்வரை மாதாமாதம், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் எடை போட்டு அளவு மாத்துங்க.

வெள்ளை வால்:
தெள்ளுக்கு இரண்டு பிராணிக்கும் குறைந்தது 3 மாதம், மாதாமாதம். கூட்டுப்புழுவா கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எந்த மருந்தும் தொடாது; 2-வது வாரம் புதுசா குதிக்கும். "மருந்து வேலை செய்யலை"னு அப்போ இன்னொரு மருந்தை மேலே ஊற்றுவதில்தான் பல குட்டிகள் விஷமேறிப் போகுது. படுக்கைத் துணியை 60 டிகிரி தண்ணீரில் துவைங்க, சோபா இடுக்கை வேக்குவம் போடுங்க. வீட்டில் முயல் இருந்தா ஃபிப்ரோனில் அதன் பக்கமே போகக் கூடாது.