கீமோ எடுக்கும் அம்மாவுக்கு ஒலான்சாபின் எதற்கு?

மேலூரான்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோவில் அந்தச் சிவப்பு மருந்து ஏறிய இரவே குமட்டல் தொடங்கிவிட்டது. கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இந்த முறை டாக்டர் ஒலான்சாபின் 5 மி.கி., நான்கு இரவுக்கு எழுதியிருக்கிறார். மருந்துக்கடைப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது மனநோய்க்குக் கொடுப்பதாயிற்றே" என்று அம்மா காதுபடச் சொல்லிவிட்டான். "எனக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா?" என்று அம்மா மாத்திரையைத் தொட மறுக்கிறார். திங்கட்கிழமை அடுத்த ஊசி. மாற்றி எழுதிவிட்டாரோ?

வார்டு அக்கா:
இல்லை தம்பி. புற்றுநோய் வார்டில் நாங்கள் அன்றாடம் கொடுப்பதுதான். மனச்சிதைவுக்கு வந்த மருந்து என்பது உண்மை. ஆனால் மூளையில் டோபமைன், செரோடோனின், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள்கள் வாந்தியைக் கிளப்பும் பல வழிகளை ஒருசேர அடைக்கிறது. வழக்கமான வாந்தி மருந்தான ஒண்டான்செட்ரான் ஒரு வழியைத்தான் அடைக்கும். வாந்தியை நிறுத்திவிடலாம், குமட்டல்தான் லேசில் அடங்காது. 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு இதையும் 10 மி.கி. சேர்த்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு முதல் 24 மணி நேரம் குமட்டலே இல்லை. சேர்க்காதவர்களில் 45 சதவீதம்தான்.

தொல்லை என்றால் தூக்கம்தான். இரவில் கழிப்பறைக்கு எழும்போது தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். முதல் இரவு பக்கத்திலேயே படுங்கள். வீட்டில் பழைய மெட்டோகுளோபிரமைடு (இன்னொரு வாந்தி மாத்திரை) கிடந்தால், டாக்டரைக் கேட்காமல் கூடவே கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

புதுவை வாசகன்:
மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வில் 2.5 மி.கி.யே 10 மி.கி.க்கு ஈடாக வேலை செய்தது, பகல் தூக்கமும் குறைவு. மறுநாளும் அம்மா சோர்ந்தே கிடந்தால் அளவைக் குறைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஜிப்மரில் வேறொரு ஆய்வு: வயிறு, நுரையீரல், கல்லீரல், கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 2.5 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். பசி எடுத்தது, எடையும் ஏறியது. மனநோயாளிகள் உடம்பு பெருக்கிறதே என்று நொந்துகொள்ளும் அதே பக்கவிளைவுதான்!

மேலூரான்:
நன்றி. வெறும் வாந்தி மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடட்டுமா?

வார்டு அக்கா:
வேண்டவே வேண்டாம். அட்டையைப் பார்த்துவிட்டவரிடம் மறைத்தால், பிறகு உங்கள் கையால் எந்த மாத்திரையும் வாங்க மாட்டார். திங்கட்கிழமை ஊசிக்கு முன் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பேச்சுதான்.