அப்பா அம்மாவுடன் கேப்பிடல் ரீஃப்: இரண்டு நாள் போதுமா?

புதுகைப்பொண்ணு:
வணக்கம். சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள், இங்கே யூட்டாவிலேயே இருக்கும் கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று எண்ணம். அப்பாவுக்கு 68 வயது, முட்டி வலி. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார், ஏற்றம் முடியாது. அம்மா நன்றாக நடப்பார். எங்களுடையது சாதாரண கார். "காருக்குள் உட்கார்ந்து பாறையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்கிறார் அப்பா. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மணற்பாறை:
கட்டாயம் போங்கள். மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு முறை என் மாமியாருடன். யூட்டா பூங்காக்களில் பெரியவர்களை அழைத்துப் போக எனக்குப் பிடித்தது இதுதான்.

பூங்காவுக்குள் போகும் சீனிக் டிரைவ் என்ற ரோடு ஏறக்குறைய 8 மைல், தார் ரோடு. பலர் அதன் முடிவிலேயே திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அங்கிருந்து கேப்பிடல் கோர்ஜ் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஒரு மண் ரோடு போகிறது. தரை காய்ந்திருந்தால் சாதாரண கார் தாராளமாகப் போகும். அது முடியும் இடத்திலிருந்து அப்பாவை நடத்திக் கூட்டிப் போங்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், காலடியில் மணலும் கூழாங்கல்லும், ஏற்றமே கிடையாது. 1962-இல் 24-ஆம் நெடுஞ்சாலை திறக்கும் வரை இந்தப் பள்ளத்தாக்குதான் ஊர் ரோடு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் உருண்டு வந்த கற்களை அகற்றி வண்டி ஓட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போனவர்கள் பாறையில் செதுக்கிய பெயர்கள் 1871 முதல் இருக்கின்றன. என் மாமியார் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.

இன்னும் கொஞ்சம் தள்ளி மேலே ஏறினால் பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். நம் சுனைதான். 100 மைல் நீளத்துக்கு மடிந்து கிடக்கும் அந்தப் பாறைத்தொடருக்கே வாட்டர்பாக்கெட் என்ற பெயர் இந்தக் குழிகளால் வந்தது. புதுக்கோட்டைக்காரருக்குச் சித்தன்னவாசல் சுனை நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஏற்றம் குட்டையானது, ஆனால் செங்குத்து. அம்மாவை மட்டும் அனுப்புங்கள்.

அப்புறம் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பழைய குடியிருப்பான ஃப்ரூட்டா. 1880-களில் குடியேறிய மார்மன்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) வைத்த பழத்தோட்டங்களைப் பூங்காவே பராமரிக்கிறது. ஆகஸ்டில் பீச், பேரி பழுக்கும். பறிக்கத் திறந்திருக்கும் தோட்டத்துக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், காசில்லை. வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு மட்டும் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும். வசந்தத்தில் பனி விழுந்து பூ கருகிய ஆண்டென்றால் பழம் இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிஃபர்ட் ஹவுஸ் என்ற பழைய வீட்டில், பழம் வைத்துச் சுட்ட பை (pie) விற்பார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

டோரிவாசி:
தங்க, பூங்காவுக்குப் பக்கத்து ஊரான டோரிதான் வசதி. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, அங்கேயே நிரப்பிவிடுங்கள். ஹிக்மன் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறை வளைவுக்கு அம்மாவை அழைத்துப் போகலாம். போக ஒரு மைல் கூட இல்லை, 400 அடி ஏற்றம். வெயிலுக்கு முன், காலை 7 மணிக்கே தொடங்குங்கள். அப்பாவுக்கு 24-ஆம் நெடுஞ்சாலையில், முற்காலத்தில் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான ஃப்ரீமான்ட் மக்கள் பாறையில் கீறிய உருவங்கள் இருக்கின்றன. மரப்பலகை நடைபாதையில் நின்றே பார்க்கலாம்.

புதுகைப்பொண்ணு:
இருவருக்கும் நன்றி. சுனை என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்! ஆகஸ்டில் திடீர் வெள்ளம் வரும் என்கிறார்களே, நிஜமாகவே பயப்பட வேண்டுமா?

மணற்பாறை:
ஆமாம், இதில் விளையாட்டே வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை வரும். ஒரு ஆகஸ்டில் நாங்கள் அதே பூங்காவில் கிராண்ட் வாஷ் என்ற இன்னொரு பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேல் நீல வானம், மேற்கே மட்டும் கறுப்பு. இடி கேட்டதும் திரும்பிவிட்டோம். கார் ஏறி அரை மணி நேரத்தில், நாங்கள் வந்த மண் ரோட்டின் குறுக்கே செம்மண் தண்ணீர் ஓடியது. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. எங்கோ மேலே பெய்தது அந்தக் குறுகலான சந்துக்குள் இறங்கியிருக்கிறது.

காலையில் விசிட்டர் சென்டரில் அன்றைய வெள்ள வாய்ப்பைக் கேளுங்கள். வாய்ப்பு உண்டு என்றால் கோர்ஜ் வேண்டாம், அன்று தோட்டத்தோடு இருந்துவிட்டு மறுநாள் போகலாம். அதற்காகவே சொல்கிறேன், இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு ஊன்றுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் கால் புதையும்.