புதுப்பிப்பு: பிளக்-இன் ஹைபிரிடா, முழு மின்சாரக் காரா? (மன்னார்குடி)

போன சித்திரையில் கேட்டிருந்தேன்: தினமும் தஞ்சாவூர் போய்வர 80 கிலோமீட்டர், எப்போதாவது சென்னை. பிளக்-இன் ஹைபிரிட் (வீட்டில் சார்ஜ் போடும் பேட்டரியும் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்தது) எஸ்யூவி வாங்கலாமா, முழு மின்சாரக் காரா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்சாரக் கார்தான் எடுத்தேன். பல ஹைபிரிட்களில் 50, 60 கிலோமீட்டரிலேயே சார்ஜ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாறிவிடும் என்று ஒருவர் சொன்ன கணக்குதான் முடிவு செய்தது. என் தினசரி ஓட்டத்துக்கு 12 யூனிட் ஆகிறது. இரவு பத்து மணிக்குச் செருகினால் விடிவதற்குள் நிரம்பிவிடும்.

எதிர்பாராதது: முதல் வாரம் 15 ஆம்ப் பிளக்கில் சார்ஜ் ஏறவே இல்லை, சிவப்பு விளக்கு. 'வண்டியைக் குறை சொல்லாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்' என்று எழுதியவர் சொன்னதே சரி. எர்த் என்பது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 18 வோல்ட்! கிணற்றடியில் புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். இப்போது 2 வோல்ட்தான், சார்ஜும் ஏறுகிறது. கோடையில் மண் காய்ந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சென்னைக்கு வழியில் ஒரு சார்ஜ், முக்கால் மணி நேரம். தினமும் சென்னை என்றால் ஹைபிரிடைத்தான் யோசித்திருப்பேன்.

அப்புறம், சத்தமே இல்லாததால் ரோட்டில் நெல் துழாவுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹாரன் அடித்தே போகிறேன்.