சங்கீதம் 51 படிப்பு: கண்ணீருக்குப் பிறகு என்ன செய்யச் சொல்வது?

சேகர வாலிபர் குழு:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வாலிபர்களுக்கு, தாவீது ராஜா தன் பாவத்துக்காக மனம் வருந்திப் பாடிய சங்கீதம் 51 படிப்பு நடத்துகிறோம். "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்" என்ற 17ஆம் வசனத்துக்கு வரும்போது கூட்டத்தில் அழுகை வருகிறது, அர்ப்பணிப்பும் நடக்கிறது. வீட்டுக்குப் போனபின் யாரிடம் எதைச் சரிசெய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. உண்மையான நொறுங்குதலை எப்படி அடையாளம் காண்பது? பணம், பொருள் விஷயத்தில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கச் சொல்வது? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெத்தானியா:
அழுகையை அளவுகோலாக வைக்காதீர்கள். 1 சாமுவேல் 15ஐயும் 2 சாமுவேல் 12ஐயும் அடுத்தடுத்து வாசிக்க வையுங்கள். சவுல் ராஜா கர்த்தருடைய கட்டளையை மீறியவன்; அவனுக்குப் பின் வந்த தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்லவைத்தவன். கண்டிக்கப்பட்டதும் இருவரும் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சவுல் முதலில் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்கிறான் (15:13). பிறகு பழியை ஜனங்கள்மேல் போடுகிறான். ஒப்புக்கொள்ளும்போதுகூட "ஜனங்களுக்குப் பயந்து" என்று ஒரு காரணம் ஒட்டிக்கொள்கிறது (15:24). கடைசியில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான் (15:30). பெயர் கெடக்கூடாது என்பதே அவன் கவலை.

தாவீதின் பதில் ஒரே வாக்கியம் (12:13). காரணமும் சொல்லவில்லை, பழியைப் பங்குபோட யாரையும் இழுக்கவுமில்லை. மன்னிப்பு உடனே கிடைக்கிறது, ஆனாலும் அந்த உறவில் பிறந்த பிள்ளை இறக்கிறது. அதைக் கேட்டு அவன் கர்த்தரோடு வழக்காடவில்லை. எழுந்து ஸ்நானம்பண்ணி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொள்கிறான் (12:20). மன்னிப்பு வந்தால் விளைவும் நீங்கிவிடும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நிதானமாக விளக்குங்கள். அப்படி நினைத்தவர்கள்தான், விளைவு வந்ததும் "ஆண்டவர் மன்னிக்கவே இல்லை" என்று சோர்ந்துபோகிறார்கள்.

இன்னொன்று: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்ற 4ஆம் வசனத்தைச் சாக்காக வைத்து மனிதரிடம் மன்னிப்புக் கேட்காமல் விடுவது பெரிய தவறு. தாவீது அதைப் பாடும்போது உரியா உயிரோடு இல்லை. உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆண்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் சகோதரனோடே ஒப்புரவாக வேண்டும் (மத்தேயு 5:23-24).

எரிகோ சாலை:
பண விஷயத்துக்கு வேதத்திலேயே கணக்கு இருக்கிறது. ஏமாற்றியவன் தானே குற்றத்தை உணர்ந்து வந்தால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும் (லேவியராகமம் 6:2-5). ரூ. 5,000 எடுத்திருந்தால் ரூ. 6,000. ஆட்டுக்கடா பலி அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. இந்த வரிசை முக்கியம்.

திருடிய ஆடு உயிரோடு பிடிபட்டால் இரட்டிப்பு. கொன்றோ விற்றோ இருந்தால் நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு (யாத்திராகமம் 22:1, 4). வரி வசூலிக்கும் ஆயக்காரனான சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). அவன் தானாக ஒப்புக்கொண்டவன்; ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே போதும். அவனோ தன்னைக் கள்ளன் இடத்தில் வைத்து, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். எனக்கு நொறுங்குதலின் மிகத் தெளிவான படம் அதுதான். அதே சமயம், இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னபின்தான் இது நடக்கிறது. பணத்தைக் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. வந்த இரட்சிப்பு அவன் கையைத் திறந்தது. பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள விடாதீர்கள்.

செய்முறை: யாருக்கு, எது, எவ்வளவு என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதத் தவணையை உரியவரிடமே பேசி முடிவுசெய்யட்டும். உரியவர் உயிரோடு இருக்கும்போது அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது திருப்பிக் கொடுத்ததாகாது. வெட்கத்துக்குத் தப்பிக்க எளிதான வழி என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

சேகர வாலிபர் குழு:
மிக்க நன்றி ஐயா. உரியவர் இறந்துபோயிருந்தால்? மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் எப்படி இருக்க வேண்டும்?

எரிகோ சாலை:
எண்ணாகமம் 5:8 இதற்கு வழி சொல்கிறது. வாங்கிக்கொள்ள உறவினர் இருந்தால் அவருக்கு; ஒருவரும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்குச் சேரும்.

வார்த்தைகளைப் பொறுத்தவரை, செய்ததை அதன் பெயராலேயே சொல்ல வேண்டும்: "உங்கள் பையிலிருந்து பணம் எடுத்தேன்." "ஒருவேளை மனசு புண்பட்டிருந்தால்" என்று இழுத்தால் அது மன்னிப்புக் கேட்பது ஆகாது. "ஆனால்" என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் சவுலின் பேச்சாகிவிடும். உடனே மன்னிக்கும்படி நெருக்கக்கூடாது. மற்றவருக்குத் தெரியாமல் மனதில் வைத்திருந்த பொறாமையையோ இச்சையையோ அவரிடமே போய்ச் சொல்ல வேண்டாம். பாரம் அவர் தலையில் ஏறும். அதைத் தேவனிடமும் முதிர்ந்த ஒரு விசுவாசியிடமும் சொன்னால் போதும். மேடையில் சாட்சி சொல்லும்போது அடுத்தவர் பெயரும் விவரமும் வரவே கூடாது.

கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்:
எங்கள் பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடநூல்) ஐந்து படிகள் உண்டு: ஆன்ம சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), பரிகாரம். கூட்டங்களில் இரண்டாவது மட்டும் நடக்கிறது என்பதே உங்கள் சிக்கல் என்று தோன்றுகிறது. நரகத்துக்குப் பயந்து வரும் மனஸ்தாபத்தைப் பொய் என்று தள்ளாதீர்கள். அது நிறைவற்றதுதான், ஆனாலும் தேவன் தரும் கொடையே என்று 1551இல் எங்கள் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் போதித்தது. தேவ அன்பினால் வருவதே உத்தம மனஸ்தாபம். பிரதிக்கினை பொதுவாக இருந்தால் நிற்காது. "இனி நல்லவனாக இருப்பேன்" என்பதைவிட "இரவு 10 மணிக்கு மேல் போனை அம்மாவின் அறையில் வைப்பேன்" என்பது உதவும்.

லூத்தரன் வாசகர்:
ஒரு எச்சரிக்கை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலர் ஏற்கெனவே அறிக்கையிட்டு விட்டதையே மறுபடி மறுபடி அறிக்கையிடுவார்கள். "இருதயங்களைக் கிழித்து" (யோவேல் 2:13) என்று அவர்களை இன்னும் அழுத்தினால் காயம்தான் ஆழமாகும். லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பாவங்களைத் தேடித் துருவியும் இல்லாததைக் கற்பனை செய்தும் அறிக்கையை வாதனையாக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். இவர்களுக்கு 2 கொரிந்தியர் 2:7ஐக் கொடுங்கள். அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார் பவுல். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், ஜெபத்தோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

அறிக்கையிடும் நேரத்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் வெளிப்பட்டால், அதைக் குழுவுக்குள் ஜெபித்து முடித்துவிட முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.