அம்மா அப்பாவை ஜெர்மனிக்கு அழைக்கணும்: விசிட் விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு ஏப்ரல் நடுவில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் குழந்தை. அந்த நேரத்தில் என் அம்மாவும் அப்பாவும் இங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை.

ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதாமாதம் பென்ஷன் வருகிறது. ஆறு மா நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார். அம்மா வீட்டோடுதான், தனி வருமானம் கிடையாது. இருவருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் இதுவரை வெளிநாடு போனதில்லை. தங்கை திருமணமாகித் தஞ்சாவூரில் இருக்கிறாள்.

ஊரில் ஒரு ஏஜென்ட்டை அப்பா போய்ப் பார்த்திருக்கிறார். அவர் இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, அப்பா கணக்கில் உடனே ஐந்து லட்சம் போட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று, பிரசவத்துக்குப் போகிறோம் என்று எழுதவே கூடாது, சுற்றுலா என்று எழுதினால்தான் கிடைக்கும். இது சரியா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம் பெயர் விஷயம். அப்பா பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் இடம் காலி. அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். அப்பாவுக்கு சர்க்கரை வேறு இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். ஆறு மாதம் தங்க வைக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

இசார் நதி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. ஆறு மாதம் முடியாது. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். குழந்தை சின்னது, அம்மா இருந்தால் உதவியாக இருக்கும் என்பதற்கெல்லாம் இங்கே நீட்டித்துத் தர மாட்டார்கள்.

இங்கே தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: முதல் மூன்று மாதம் ஒரு பக்கத்துப் பெற்றோர், அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் மறுபக்கத்துப் பெற்றோர். ஏப்ரல் முதல் வாரம் உங்கள் அம்மா அப்பா, ஜூலையில் மாமியார் மாமனார் என்று வைத்தால் குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் வரை வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். இரு வீட்டாரிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

உங்கள் பக்கத்து வேலை, வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்புறுதிக் கடிதம் வாங்குவது. ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவை வைத்து 68-ஆம் பிரிவுக் கடிதம் என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், உங்கள் ரெசிடென்ஸ் கார்டு கேட்பார்கள். இது வெறும் அழைப்புக் கடிதம் இல்லை. அவர்கள் இங்கே இருக்கும்போது ஆகும் செலவுக்கு, ஆஸ்பத்திரிச் செலவு உட்பட, நீங்கள் சட்டப்படி பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அதனால் அப்பாவின் இன்ஷூரன்ஸில் கவனம் வையுங்கள். விசாவுக்கு 30,000 யூரோ கவரேஜ் போதும், ஆனால் மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது. சர்க்கரைக்காரருக்கு அந்த ஒரு வரியைப் படிக்காமல் பாலிசி எடுக்க வேண்டாம்.

—

ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

தம்பி, நானும் என் வீட்டம்மாவும் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள். மகள் அங்கிருந்து பேப்பரை அனுப்பினாள். சென்னையில் கவுன்டர் முன்னால் போய் நின்றது நாங்கள். உங்கள் அப்பா நிற்கப்போகும் இடத்தில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏஜென்ட். சுற்றுலா என்று எழுதச் சொன்னவரிடம் இனி போகவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே குடும்பத்தாரைப் பார்க்கச் செல்வது என்று தனிக் கட்டம் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் பொறுப்புறுதிக் கடிதத்தில் மகன் பெயரும் மகன் முகவரியும் இருக்கும். அதைக் கோப்பில் வைத்துவிட்டுச் சுற்றுலா என்று எழுதினால் கோப்பு தன்னையே பொய் என்று சொல்லும். பயண நோக்கம் பற்றிச் சொன்னது நம்பும்படி இல்லை என்பது விசா மறுப்புப் படிவத்தில் அச்சிட்டே வைத்திருக்கும் காரணம். அதோடு விமான நிலையத்தில் அதிகாரி உங்கள் அம்மாவிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் அவர் வாயில் என்ன வரும்? பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்றுதான் வரும். அந்த உண்மையையே கடிதத்தில் எழுதிவிட்டால் அவர் பயப்பட எதுவும் இல்லை. மருமகளின் கர்ப்பப் பதிவேட்டில் பிரசவத் தேதி இருக்கும் பக்கத்தை நகல் எடுத்துச் சேருங்கள்.

ஐந்து லட்சம் போடுவதும் வேண்டாம். அவர்கள் பார்ப்பது வங்கிக் கணக்கின் கடைசி மூன்று மாத வரவு செலவு. மாதாமாதம் ஒரே தேதியில் பென்ஷன் விழுகிறது, கரண்ட் பில் போகிறது, மருந்துக் கடைக்குப் போகிறது என்று இருந்தால் அது ஒரு நிலையான மனிதரின் கணக்கு. விண்ணப்பிக்கும் வாரத்தில் எங்கிருந்தோ ஐந்து லட்சம் வந்து உட்கார்ந்தால் யார் கொடுத்தது, எதற்கு என்ற கேள்விதான் வரும். செலவுக்கு நீங்கள் பொறுப்பு என்று கையெழுத்தே போடும்போது அந்தப் பணத்துக்கு அங்கே வேலையும் இல்லை.

அவர்கள் உண்மையில் எடை போடுவது வேறு ஒன்றை: இந்த இரண்டு பேரும் விசா முடிவதற்குள் ஊர் திரும்புவார்களா? அதற்கு உங்கள் அப்பாவிடம் நல்ல பதில் இருக்கிறது. பென்ஷன் ஆணை, பட்டா, சிட்டா, குத்தகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, தஞ்சாவூரில் மகள் குடும்பம். இவற்றைச் சும்மா அடுக்காமல், அப்பா தன் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். ஜூலையில் திரும்பியதும் குறுவை வேலை இருக்கிறது, குத்தகைக்காரரிடம் கணக்குப் பார்க்க வேண்டும், மகள் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று உள்ளதை எழுதினால் போதும். பட்டா சிட்டா தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை என்பது குறையே இல்லை. அப்பா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி பெயர் இருந்தால் அதன் நகல், கூடவே திருமணச் சான்று இருந்தால் அதுவும். உங்கள் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்கும் பக்கமும் பிறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும். இருவருக்கும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொன்றிலும் எல்லா நகலும்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதை ரூபாயில் வாங்குவார்கள். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

போட் கிளப் ரோட்டில் இருக்கும் துணைத் தூதரகத்துக்கு நேராகப் போக வேண்டாம். விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில் நேரம் பதிவு செய்துதான் போக வேண்டும். அங்கே இருப்பவர்கள் பேப்பரை வாங்கி, போட்டோவும் கைரேகையும் எடுப்பவர்கள் மட்டுமே. விசா கொடுப்பதும் மறுப்பதும் ஜெர்மன் அதிகாரிகள் கையில். இதைச் சொல்லக் காரணம், அந்தக் கவுன்டரில் இருப்பவர் ஒரு பேப்பரைப் பார்த்து முகம் சுளித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கே விசா போச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

கைரேகை எடுக்கும்போது என் மனைவியின் விரல் பதியவில்லை. ரேஷன் கடை மெஷினிலும் அவருக்கு அதே கதைதான், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன கை. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தன் கையாலேயே கண்ணாடியில் அழுத்திப் பிடித்து எடுத்தார். உங்கள் அம்மா இப்போதிருந்தே இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். போகிற அன்று காலையில் மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போகட்டும்.

—

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு இதை அப்படியே போனில் படித்துக் காட்டினேன். குறுவை பற்றி எழுதலாம் என்றதும் உற்சாகமாகிவிட்டார். ஏஜென்ட்டிடம் இனி போகப்போவதில்லை.

பெயர் விஷயம்தான் இன்னும் தெளிவாகவில்லை. அப்பா ஒற்றைப் பெயரோடு வரலாமா? எப்போது விண்ணப்பிக்கலாம்? ஒருவேளை மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா?

—

ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

ஒற்றைப் பெயரோடு ஜெர்மனி போகலாம் தம்பி. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தானே பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே பொறுப்புறுதிக் கடிதத்திலும் இன்ஷூரன்ஸிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். நீங்கள் அலுவலகத்துக்குப் போகும்போது இருவரின் பாஸ்போர்ட் நகலையும் கையில் வைத்துக்கொண்டு, அச்சடித்துக் கொடுத்ததும் அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அப்பாவின் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். டிக்கெட் போடும்போது குடும்பப் பெயர் இல்லாதவருக்கு எப்படிப் பதிவார்கள் என்று விமானக் கம்பெனியிடமே கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது.

வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றிக்காட்டலாம் என்று எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 2022 நவம்பர் 21 முதல் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கொடுப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாக அப்புறம் தளர்த்தினார்கள். வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுவதற்கு இது பொருந்தாது.

அம்மாவின் ஆதார் எழுத்து இந்த விசாவுக்குப் பெரிய விஷயம் இல்லை, பாஸ்போர்ட்தான் ஆதாரம். ஆனால் வங்கிக் கணக்கு ஆதார் எழுத்தில் இருந்தால் இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழி வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாங்குவார்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். மையத்தில் நேரம் கிடைக்கத்தான் தாமதமாகும், அதனால் ஜனவரிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் பொறுப்புறுதிக் கடிதத்துக்கு ஆறு மாதம்தான் மதிப்பு, அதை ரொம்ப முன்னாலும் எடுக்க வேண்டாம்.

மறுத்தால் காரணம் கேட்டு மனுப் போட்டு மறுபரிசீலனை செய்யும் முறை முன்பு இருந்தது. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் பெர்லினில் வழக்குப் போடலாம். கட்டிய பணம் திரும்ப வராது. ஆகவே முதல் கோப்பையே முழுசாகக் கொடுங்கள்.

—

இசார் நதி எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விசா ஸ்டிக்கர் வந்ததும் அதில் இரண்டு விஷயம் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒன்று, தங்கும் நாள் எத்தனை என்று ஒன்று. தேதிகளுக்கு இடையே உள்ள இடைவெளி தங்கும் நாளைவிடப் பெரிதாகவே இருக்கும். கடைசித் தேதி வரை இருக்கலாம் என்று நினைத்துத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொண்டவர்களைத் தெரியும். நாள் கணக்குத்தான் கணக்கு. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதில் போட்டோவும் கைரேகையும் எடுத்துக் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டது, ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். ஒழுங்காகத் திரும்பினால் பின்னால் பலன் உண்டு. 2024 ஏப்ரல் 18-இல் இந்தியர்களுக்கென்று கொண்டுவந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசா கிடைக்க வழி இருக்கிறது. பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கெல்லாம் வரலாமே!

அப்புறம் பெட்டி. அம்மா கட்டாயம் நெய் காய்ச்சி எடுத்து வருவார். வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பாலிலோ இறைச்சியிலோ செய்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர முடியாது, பால்கோவாவும் அதில் அடக்கம். கறிவேப்பிலைக் கொத்தும் சான்று இல்லாமல் கூடாது. தேங்காய்க்குத் தடை இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி காயவைத்து அரைத்த பிரசவ மருந்துப் பொடியை பையில் போட்டு நன்றாக மூடி ஒட்டி, ஆங்கிலத்தில் பெயர் எழுதிக் கொண்டுவரட்டும். அப்பாவின் இன்சுலினைக் கைப்பையில் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். தன் தேவைக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுவரலாம், கூடவே ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டு.

உங்கள் பொறுப்புறுதிக் கடிதத்தின் நகல் ஒன்றை அம்மாவின் கைப்பையில் வையுங்கள். இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட், உங்கள் போன் நம்பர் எழுதிய தாள் எல்லாம் அதே உறையில் இருக்கட்டும். எல்லையில் ஆங்கிலம் தடுமாறினால் அந்த உறையை அப்படியே நீட்டினால் போதும்.