கான்ட்ரா நடன முகாம்: எப்படித் தயாராவது?

கேள்வி: அமெரிக்காவில் ஆட்டக்காரர்களே சேர்ந்து நடத்தும் கோடைக்கால கான்ட்ரா (ஜோடிகள் நீள வரிசைகளில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எந்த மாதிரி ஷூ வேண்டும்? ஆளுக்கொரு வேலையும் உண்டாமே?

பதில் 1: வழுவழுப்பான தோல் அடி போட்டது நல்லது. ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும்; உடம்பு சுழல, பாதம் நின்றுவிட, முழங்கால் திருகிக்கொள்ளும். வெளியே போட்ட ஷூவோடு ஏறாதீர்கள், மணல் மரத்தரையைக் கீறிவிடும். மாற்றுச் சட்டை நிறைய. சென்ட் வேண்டாம், பல முகாம்களில் தடை.

பதில் 2: காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, கூடம் பெருக்குவது என்று முறை போட்டுப் பிரிப்பார்கள். ராத்திரி நெடுநேரம் ஆடுபவர் காலை உணவு முறையில் பெயர் எழுதாதீர்கள்!

பதில் 3: ஸ்விங்கில், அதாவது ஜோடியைப் பிடித்துக்கொண்டு சுழலும்போது, தலை சுற்றுகிறதா? சுவரைப் பார்க்காமல் ஜோடியின் முகத்தைப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் காதை. வலது பாதம் நடுவில், இடது காலால் உந்துங்கள். குதிக்கவே கூடாது.