எல்லா அரசுத் துறைகளுக்கும் ஒரே திறமூல வலைத்தளக் கட்டமைப்பு: சரிப்பட்டு வருமா?

கட்டற்றவன்:
துறைக்கு ஒரு டெண்டர், டெண்டருக்கு ஒரு வலைத்தளம். சில வருடம் கழித்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஒரு டெண்டர். தேடல் பெட்டி, விண்ணப்பப் படிவம், அறிவிப்புப் பக்கம், பிடிஎஃப் பட்டியல் என்று கேட்பது எல்லாத் துறையும் ஒன்றைத்தான். ஆஸ்திரேலியா 2015லேயே டிரூபலை (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், அதாவது திறமூல, வலைத்தள மென்பொருள்) அடிப்படையாக வைத்து கவ்சிஎம்எஸ் என்ற பொதுக் கட்டமைப்பைக் கொண்டுவந்து நிதித்துறையின் பொறுப்பில் விட்டது. மற்ற அரசுகளுக்கு என்ன தயக்கம்?

பழையசர்வர்:
தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது நண்பரே. நிரல் ஒன்றே என்றால் பாதுகாப்பு ஓட்டையும் எல்லோருக்கும் ஒன்றே. 2014 அக்டோபர் 15 அன்று டிரூபல் 7க்கு வந்த பாதுகாப்பு அறிவிப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரம் கழித்து டிரூபலின் பாதுகாப்புக் குழுவே கையை விரித்தது: அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாத தளம் எதுவானாலும் உடைக்கப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. அரசின் எல்லாத் தளங்களும் ஒரே கூரையின் கீழ் இருந்திருந்தால்?

கட்டற்றவன்:
அந்த 7 மணி நேரம் எனக்குச் சாதகமான கணக்கு சார். தனித்தனியாக இருந்தாலும் பாதித் துறை டிரூபலிலும் மீதி வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைத்தள மென்பொருளிலும்தானே இருக்கப்போகிறது? ஓட்டை அதேதான். அடைக்க ஆள் யார் என்பதுதான் வித்தியாசம். ஒரு துறையில் ஒப்பந்தக்காரர் போனை எடுக்கமாட்டார், இன்னொன்றில் பராமரிப்பு ஒப்பந்தமே முடிந்திருக்கும், மூன்றாவதில் பேட்ச் போடுவதற்கும் கோப்பு மேலிடத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வரவேண்டும். 2018 மார்ச்சில் அடுத்த பெரிய ஓட்டை வந்தபோது, இன்ன நாள் இன்ன நேரத்தில் பேட்ச் வெளியாகும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரு மையக் குழு இருந்தால் அந்த நேரத்துக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஐம்பது ஒப்பந்தக்காரர்களை அப்படி உட்கார வைக்க முடியுமா?

இரவுஷிப்ட்:
இருவரும் பாதுகாப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்த்த சிக்கல் வேறு. ஒரு துறைக்குப் பராமரிப்பு வேலை செய்தேன், பெயர் வேண்டாம். பொதுக் கட்டமைப்பிலிருந்து நகல் எடுத்திருந்தார்கள். தேதி தங்களுக்கு வேண்டிய விதத்தில் வரவில்லை என்று யாரோ கோர் கோப்பிலேயே, அதாவது எல்லோருக்கும் பொதுவான அடிப்படை நிரலிலேயே, கைவைத்திருந்தார். அடுத்த அப்டேட் அந்தத் திருத்தத்தை அழித்தது, படிவம் நின்றது, அதோடு அப்டேட் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். சர்வரில் மூன்று ஃபோல்டர்: கோர், கோர்_பழசு, கோர்_தொடாதே. ஓடிக்கொண்டிருந்தது ‘தொடாதே’. அலுவலகக் கோப்புகளில் மட்டும் அந்தத் துறை பொதுக் கட்டமைப்பில்தான் இருந்தது.

பழையசர்வர்:
இதைத்தான் சொல்கிறேன். கைவைக்க விட்டால் ஆளுக்கொரு நகல், விடாவிட்டால் வரிசையில் நில். கவ்சிஎம்எஸ்ஸிலேயே பொதுவாக நிர்வகிக்கப்படும் சேவையில் சேர்ந்தால் சொந்த மாட்யூல் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) சேர்க்க முடியாது. அது வேண்டுமென்றால் இன்னொரு வகைச் சேவைக்குப் போய் உங்கள் நிரலை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். சின்னத் துறைக்கு அதற்கு ஆள் ஏது? வரித்துறை கேட்டது இந்த மாதமே வரும். அளவீட்டுத் துறை கேட்ட நாட்காட்டி கிணற்றில் போட்ட கல்தான்.

இரவுஷிப்ட்:
அதற்கு இங்கிலாந்தில் நகரசபைகள் பகிர்ந்துகொள்ளும் லோக்கல்கவ் டிரூபலைப் பாருங்கள். பிரைட்டன் & ஹோவ் நகரசபை எழுதிய நிரலை கிராய்டன் சபை எடுத்துப் பயன்படுத்தியது, பிறகு மற்ற சபைகளும் சேர்ந்தன. செய்தி, வழிகாட்டி, அவசர அறிவிப்புப் பட்டை எல்லாம் தனித்தனி மாட்யூல். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், தோற்றத்தைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், செய்த திருத்தத்தைப் பொதுவில் திருப்பித் தரலாம். கோரைத் தொடவேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

புதுவரவு:
எல்லாமே இலவச மென்பொருள்தானே, பகிர்ந்தால் யாருக்கு நஷ்டம்?

கட்டற்றவன்:
இலவசம் உரிமத்தோடு சரி, வேலைக்குக் கிடையாது. டிரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அங்கிருந்து புதிய பதிப்புக்கு மாறுவது அநேகமாக வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. துறைக்குத் துறை தனியாக இடிக்க வேண்டுமா, தரவை மாற்றும் நிரலை ஒரு தடவை எழுதி எல்லோரும் பயன்படுத்த வேண்டுமா?

பழையசர்வர்:
எழுதவேண்டிய வருடத்தில் மையக் குழுவின் நிதியை வெட்டினால்? அரசுத் துறைகள் மக்களுக்கு மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்ப உதவும் பிரிட்டனின் கவ்.யூகே நோட்டிஃபை நிரலை கனடா எடுத்துக்கொண்டது. ஆனால் கனடாவின் சேவையை ஓட்டுவது அவர்களுடைய சொந்தக் குழு. லண்டனில் யாருக்குச் சம்பளம் நின்றாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அந்த மாதிரிப் பகிர்வு என்றால் எனக்கும் சம்மதம்.

கட்டற்றவன்:
அது ஒரு நாட்டால் முடியும். நாலு பேர் இருக்கும் துறையால் முடியுமா?

பழையசர்வர்:
முடியாது, சரி. அப்படியானால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எழுதித் தாருங்கள். ஒன்று, கேட்ட அன்றே தரவுத்தளம், கோப்புகள், அமைப்பு விவரம் முழுவதும் துறையின் கைக்கு வரவேண்டும். இரண்டு, துறை அனுப்பும் திருத்தத்துக்கு ஒரு கெடுவுக்குள் பதில் வேண்டும்.

கட்டற்றவன்:
முதலாவதற்குத் தடையே இல்லை. இரண்டாவது கஷ்டம். கெடு வைத்தால் பாதுகாப்புச் சோதனையை அவசரத்தில் முடிப்பார்கள், அப்புறம் நீங்கள் சொன்ன 2014தான்.

பழையசர்வர்:
சேர்க்கச் சொல்லிக் கெடு கேட்கவில்லையே. ‘முடியாது’ என்ற பதிலாவது காரணத்தோடு முப்பது நாளில் வரட்டும். அதுவும் ஆகாதென்றால் நான் தனி டெண்டருக்கே போகிறேன்.